மொட்டைக் கழுத்துச் சேவலும் பக்கத்து வீட்டு அடைக்கோழியும்

என் தம்பியின் சேவலை முனியாண்டி கோயில் படையலுக்கு வெட்டிவிட்டார்கள். யார் மீதும் கோபப்பட முடியாத அளவுக்கு நல்ல மனதோடு வெட்டிவிட்டார்கள். அதன் குழம்பைத் தம்பியே இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிச் சாப்பிட்டான். எந்தக் கோழி என்று அப்போது அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எலும்பைக்கூட நான் நன்றாகவே உறிஞ்சினேன்.

அரசாங்க மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவில் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே தாதியர் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: மிஸி. கடைசியில் பிரிவுக்கே பொறுப்பாக இருந்தேன் என்பதெல்லாம் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் செல்லாது. மிஸி என்றால் மிஸிதான். மருத்துவமனையில் கை கழுவ ஒரு நடைமுறை உண்டு. கழுவியாயிற்று என்று கையெழுத்துப் போட இன்னொரு நடைமுறை உண்டு. இரண்டாவதைத்தான் எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வாழ்நாளைக் கழித்தவள் சும்மா இருக்க மாட்டாள். தெமியாங்கில் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கோலா சாவா பக்கம் தோட்டத்து எல்லையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், கோழி வளர்ப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டேன். அவன் அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அவனுடைய கோழிகளும் படித்ததில்லை.

தம்பி செம்பனை ஆலையில் வேலை செய்தவன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவனுக்கு மிச்சம் கோழிகள்தான். அதுவும் ஊரில் எல்லோரும் வளர்க்கிற கோழி இல்லை. தலையில் இறகு இருக்கும், உடம்பில் இருக்கும்; நடுவில் கழுத்து மட்டும் உரித்து வைத்தது போல் சிவப்பாக இருக்கும். மலாய்க்காரர்கள் தோகேல் என்பார்கள். நாங்கள் மொட்டைக் கழுத்து என்போம். ரந்தாவில் ஒரு மலாய்க் குடும்பத்திடம் ஒரு சோடி வாங்கிவந்து, அதன் பிள்ளை, பேரன், பேரனின் பேரன் என்று வளர்த்துக்கொண்டே வந்தான். பார்க்க அழகான கோழி என்று சொன்னால் பொய். பார்த்துப் பழகினால் கண்ணை எடுக்க முடியாத கோழி. வெயிலுக்கு அஞ்சாது. மற்றக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு வாழை நிழலில் நிற்கும்போது, இது வெட்டவெளியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் வெள்ளைக் கழிச்சல் வந்து பெட்டைகள் எல்லாம் போய்விட்டன. ஒரே ஒரு சேவல் பிழைத்தது. தம்பி அதற்குத் துணையாகப் பசாரில் மூன்று சாதாரணக் கம்போங் பெட்டைகளை, அதாவது நாட்டுக் கோழிகளை, வாங்கி விட்டான். கழுத்து மூடிய பெட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தச் சேவலின் குஞ்சு எதுவும் கழுத்து மூடிப் பிறந்ததில்லை. அந்தக் குணம் அவ்வளவு அழுத்தமானது. ஒரு பெட்டை அடை உட்கார்ந்தால் போதும், மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிடும் என்று காத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துச் சேவலின் பாதத்தில் ஆணி விழுந்தது. நொண்டியது. தம்பி பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பத்துப் போட்டு, காலில் கட்டினான். ஓடியாடாமல் இருக்கட்டும் என்று மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதற்குள் தனியாக வைத்தான். தவிடும் சோளமும் கொடுத்தான். மருத்துவமனையில் செய்வதுபோலவே ஒழுங்கான சிகிச்சை. நானும் பார்த்து ஒப்புக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, அவன் கண் புரைக்காகச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்ததால், இருவரும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டோம்.

அன்றைக்குத்தான் கோயில் திருவிழா. எங்கள் பக்கத்தில் முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டவர்கள் அதன் காலில் மஞ்சள் துணி கட்டி, கூடைக்குள் தனியாக வைத்து, நல்ல தீனி போட்டு வைப்பார்கள். திருவிழா அன்று கோயில் ஆட்கள் வீடு வீடாக வந்து லோரியில் ஏற்றிப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் கோயில் பொறுப்பாளர். ஆலையில் தம்பியோடு டிராக்டர் ஓட்டியவர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எங்கள் வாசலில் எட்டிப் பார்த்தபோது என்ன பார்த்தார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வெள்ளை வேட்டித் துணி இரண்டு நாளில் மங்கலகரமான மஞ்சளாகியிருந்தது.

சாயங்காலம் நாங்கள் களைத்துப் போய் வந்து இறங்கியதும், அவர் தூக்குச் சட்டியோடு வந்தார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தம்பியின் முகத்தையே பார்த்தார்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"நல்லா இருக்குலா. கோழின்னா இதான் கோழி. எலும்பெல்லாம் கெட்டியா இருக்கு."

"இருக்காதா பின்ன? ஒன் கோழியாச்சே! நீ ஆஸ்பத்திரி அலைச்சல்ல மறந்துட்டேன்னு நானே தூக்கி லோரியில வச்சேன். ஒன் பேருல அர்ச்சனையும் பண்ணியாச்சு. ஒன் நேர்த்தி முடிஞ்சிருச்சு."

தம்பி கையில் இருந்த சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "என்ன நேர்த்தி?"

"மொட்டக் கழுத்துலா! பூசாரி சிரிச்சிட்டாரு. கழுத்துல முடியே இல்ல, இந்தக் கோழிக்கு எனக்கு வேலயே மிச்சம்னாரு."

தம்பி எழுந்து வெளியே போனான். கூடையைத் தூக்கிப் பார்த்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"மஞ்சத் துணி கட்டியிருந்துச்சே மச்சான்," என்றார் அவர். அவர் முகம் மாறத் தொடங்கியிருந்தது. "கூடைக்குள்ள தனியா வச்சிருந்தியே!"

"அது மருந்துடா! மஞ்சப் பத்துடா! அதுக்குக் கால்ல ஆணிடா!"

அதற்கு மேல் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. அதுதான் அந்த நிலைமையின் அழகு. ஆளை ஏமாற்றியிருந்தால் திட்டலாம். திருடியிருந்தால் போலீசுக்குப் போகலாம். சாமிக்குப் போய்விட்டதை, அதுவும் தன் பேரிலேயே அர்ச்சனையோடு போய்விட்டதை, தவறு என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? திருப்பிக் கேட்க ஏதாவது நடைமுறை உண்டா? நான் விசாரிக்கவில்லை. இல்லை என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தூக்குச் சட்டியைக்கூட எடுக்காமல் போனார். தம்பி அன்று முதல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு லொங்காங் ஓடுகிறது, கால்வாயென்று சொல்ல முடியாத சின்னச் சாக்கடை. அதன் மேல் போட்டிருந்த பலகை மறுநாள் எங்கள் பக்கம் இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

அவன் திட்டியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். காலையில் எழுந்து, தீனிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமல் நின்றான். மூன்று பெட்டைகள் காலடியில் சுற்றின. அவற்றைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் நான் படித்திருந்தது நினைவுக்கு வந்தது.

"சேவல் போச்சு. ஆனா அதோட விதை போகலடா," என்றேன்.

"வெளையாடாதக்கா."

விளையாடவில்லை. பெட்டைக் கோழியின் உடம்பில், முட்டை உருவாகி இறங்கும் பாதையின் ஓர் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத மடிப்புகள் இருக்கின்றன. ஒருமுறை சேவலோடு சேர்ந்தால் அதன் விதையை அங்கே பத்திரமாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட. சேவல் இருக்கிறதா இல்லையா என்று கோழியின் உடம்பு கேட்பதில்லை. குழம்பாகிச் செரித்துப் போன சேவல், அந்த மூன்று பெட்டைகளின் உடம்பில் இன்னும் தகப்பனாகிக்கொண்டுதான் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு தகவலாகத்தான் இருந்தது. தம்பியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. எத்தனையோ விதவைகளுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இது வேறு.

ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சிவப்புச் சேவல் உண்டு. நம் சேவல் கூடைக்குள் இருந்த நாட்களில் அது லொங்காங்கைத் தாண்டி வந்ததா? தம்பி யோசித்தான். "வந்திருக்கலாம். ஒருநாள் வெரட்டிவிட்டேன்." வந்திருந்தால் சில முட்டைகள் அதனுடையவை. எது யாருடையது என்று ஓட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குஞ்சு வெளியே வந்து கழுத்தைக் காட்டினால்தான் தெரியும். மொட்டைக் கழுத்து என்றால் நம்முடையது. எல்லாமே மூடிய கழுத்து என்றால் கதை முடிந்தது.

பெட்டைகளை உடனே வெளிக் குளியலறையில் அடைத்தேன். முட்டையை எடுத்ததும் பென்சிலால் நாள் எழுத வேண்டும், பேனாவால் எழுதக்கூடாது; குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது; கூர்முனை கீழே இருக்க வேண்டும்; தினமும் சாய்த்து வைக்க வேண்டும். தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்தான். அதிலிருந்தே அவன் நிலைமை எனக்குப் புரிந்தது.

ஏழு முட்டைகள் சேர்ந்தன. அரிசி வாளிக்குப் பக்கத்தில், நிழலான மூலையில், ஒரு முட்டை அட்டையில் அவை வரிசையாக இருந்தன. கருவான முட்டை கோழியை விட்டு வெளியே வரும்போதே அதற்குள் உயிர் தொடங்கியிருக்கும். ஆனால் சூடு கிடைக்கவில்லை என்றால் அது நின்றுவிடும். சாவதில்லை. நிற்கும். சூடு வரும்வரை, நாள் கணக்கில், அந்த இடத்திலேயே காத்திருக்கும். வெவ்வேறு நாளில் இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பது அதனால்தான். எனக்குத் தெரிந்த பிரசவத்தில் எதுவும் காத்திருந்ததில்லை. டாக்டர் வரும்வரை காத்திருந்ததில்லை, கட்டில் காலியாகும்வரை காத்திருந்ததில்லை. இங்கே ஏழு உயிர்கள் சமையலறை மூலையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மெதுவாக நடந்தேன்.

எங்கள் பெட்டைகள் எதுவும் அடை உட்காரும் நிலையில் இல்லை. லுக்குட்டில் ஒரு கடையில் மின்சாரப் பொரிப்பான் விற்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது; அதில் எண்கள் தெரியும். ஆனால் மழைக்காலம். சாயங்காலம் ஓர் இடி இடித்தால் எங்கள் வரிசை வீடுகளில் மின்சாரம் போய்விடும். உயிருள்ள கோழிதான் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் கத்தல் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

பலகையை நானே தூக்கிப் போட்டு லொங்காங்கைத் தாண்டினேன். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி ஒரு கறுப்புக் கோழியை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க மிஸி, இந்த மூதேவிய! முட்டையும் போடமாட்டேங்குது, எந்திரிக்கவும் மாட்டேங்குது. வெறும் கூடையில குந்திக்கிட்டு, கிட்டப் போனா கொத்துது. நாலு முக்கு முக்கினா அடை தெளிஞ்சிரும்."

"தெளிய வைக்காதீங்க. எனக்கு அது வேணும்."

எதற்கு என்று சொன்னதும் அவள் கோழியைத் துணியில் சுற்றித் துடைத்தாள், குழந்தையைத் துடைப்பதுபோல.

"அவரு அன்னையிலேருந்து சரியா சாப்புடல மிஸி. சாமி காரியம், வெளிய சொல்லவும் முடியல. தூக்கிட்டுப் போங்க. பொரிச்சா பொரிக்கட்டும், இல்லன்னா கொழம்பு வச்சு..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"கொழம்பு வேணாம்," என்றேன்.

தம்பி வாசலிலேயே மறித்தான். "அந்த ஊட்டுக் கோழி இங்க வரக்கூடாது."

"சரி. அப்ப நீ ஒக்காரு. உடம்பு சூடு உனக்கும் இருக்கு. மூணு வாரம் எந்திரிக்கக்கூடாது, பரவால்லியா?"

"ஏங்க்கா..."

"கோழிக்கு எந்த ஊடுன்னு எழுதி ஒட்டியிருக்கா? வழிய விடுலா."

வழியை விட்டான்.

இடம் மாற்றிய அடைக்கோழி பல சமயம் அடையை விட்டுவிடும். அதனால் முதலில் பொய் முட்டைதான் வைக்க வேண்டும். தம்பியிடம் எங்கேயோ பொறுக்கிய கோல்ப் பந்துகள் இருந்தன. பழப் பெட்டியில் காய்ந்த புல்லைப் பரப்பி, பூச்சி அண்டாமல் இருக்க செராய் என்கிற எலுமிச்சைப்புல் தாளைக் கிள்ளிப் போட்டு, பந்துகளை வைத்தோம். கறுப்புக் கோழி ஒரு சுற்றுச் சுற்றியது. அலகின் அடிப்புறத்தால் ஒரு பந்தைத் தன் பக்கம் உருட்டியது. இன்னொன்றை உருட்டியது. பிறகு உடம்பை மெல்ல அகலமாக்கி, இடமும் வலமும் அசைந்து, உட்கார்ந்தது. கண் பாதி மூடியது. தண்ணீரில் முக்கியதை, வீடு மாறியதை, எல்லாவற்றையும் மறந்துவிட்ட முகம். மறுநாள் அந்தி சாய்ந்ததும் பந்துகளை எடுத்துவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக அடியில் தள்ளினேன். என் கையைக் கொத்தியது. ஆனால் முட்டையை வாங்கிக்கொண்டது.

அதன் வயிற்றுக்கு அடியில் கை விட்டபோதுதான் கவனித்தேன். நெஞ்சில் ஓர் இடத்தில் இறகே இல்லை. தானே பிடுங்கியிருந்தது. சூடு நேராக முட்டையில் படுவதற்காக. தோல் காய்ச்சல் கண்ட குழந்தையின் தோலைப்போலக் கொதித்தது. நாங்கள் பிறந்த குழந்தையைத் தாயின் தோலோடு தோலாக வைக்க வேண்டும் என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டி, அதற்குப் பயிற்சி வகுப்பு வைத்து, வந்தவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தோம்.

கோழி நாளுக்கு ஒருமுறை எழும். அவசரமாகத் தின்னும், குடிக்கும், புழுதியில் புரளும். சூடு ஆறுவதற்குள் திரும்பி ஓடும். ஒருவரும் மணி பார்த்துச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போது முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஓரத்து முட்டை நடுவுக்கு வரும், நடுவிலிருந்தது ஓரத்துக்குப் போகும். நான் பென்சிலால் எழுதிய நாளை வைத்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். எதையும் விட்டுவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, பட்டப்பகலில், குளியலறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, அட்டையில் ஓட்டை போட்டு, கைப்பேசி விளக்கின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டும் வெற்று முட்டைகள். விளக்கு வெளிச்சம் மஞ்சளாக ஊடுருவிப் போனது. மூன்றாவதை வைத்தேன். சிலந்தி வலை போல் சிவப்பு நரம்புகள் ஓட்டுக்கு அடியில் விரிந்திருந்தன. வலையின் நடுவில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது.

கருப்பையில் குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகள் எத்தனை என் கையில் இருந்திருக்கும். சத்தம் வரும், தாளில் கோடு வரும், அதைப் பார்த்துத்தான் நம்புவோம். இங்கே சத்தம் இல்லை, கோடு இல்லை. என் விரல்களுக்கு நடுவில், உள்ளங்கை அகல ஓட்டுக்குள், இதயம் என்று ஒன்று வந்து, துடிக்க வேண்டும் என்று தானே முடிவு செய்திருந்தது.

"எங்கக்கா? எனக்குப் பொகையாத்தான் தெரியுது," என்றான் தம்பி. புரை விழுந்த கண்.

"துடிக்குதுடா."

"நெசமாவா?"

"நெசமா."

அவன் முட்டையின் மேல் ஒரு விரலை வைத்தான். பிறகு, "யாருதுன்னு தெரியாதுல்ல," என்றான்.

"தெரியாது."

பிறகு ஒரு முட்டை பாதி வழியில் நின்றுபோனது. அதை எடுத்துவிட்டோம். நான்கு மிஞ்சின.

இருபத்தோரு நாள் கணக்குக்கு முதல் நாள், கோழியின் குரல் மாறியது. அதுவரை உறுமலும் சீறலும்தான். இப்போது தொண்டைக்குள் மெல்லிய ஒரு பேச்சு, யாரையோ தட்டிக் கொடுப்பதுபோல. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அது பேசி நிறுத்தியது. கீழேயிருந்து, மூடிய ஓட்டுக்குள்ளிருந்து, கீச் என்று பதில் வந்தது. கோழி மறுபடி பேசியது. இன்னொரு முட்டை பதில் சொன்னது.   இன்னும் பிறக்கவில்லை. காற்றைச் சரியாகக் குடிக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அம்மாவின் குரல் தெரிந்திருக்கிறது. அது பெற்ற அம்மாகூட இல்லை. தண்ணீர் வாளியிலிருந்து வந்த அம்மா.

மறுநாள் காலை முதல் குஞ்சு வெளியே வந்து, கோழியின் இறக்கைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. பொன்னிறம். கழுத்து நிறையப் பஞ்சு போல் மயிர். மூடிய கழுத்து.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனால் நான் நோயாளியிடம் பொய் சொன்னதில்லை. சொன்னேன். அவன் தலையாட்டினான். பலகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். லொங்காங்குக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவு அழுக்கு அந்த மோட்டாரில் இல்லை.

இரண்டாவது முட்டையில் ஓர் ஓரம் கொத்துப்பட்டு உடைந்திருந்தது. சின்ன ஓட்டை. அதற்குள் அலகு நுனி அசைந்தது. பிறகு அசையவில்லை. வெயில் ஏறியது. ஓட்டை பெரிதாகவில்லை.

"அக்கா, மூச்சு முட்டுது அதுக்கு."

"இல்ல. ஓய்வு எடுக்குது."

"நீ மிஸிதானே? எத்தன புள்ளய இழுத்துப் போட்டிருப்ப! இந்த ஓட்ட ஒடைக்க முடியாதா ஒனக்கு?"

உடைக்க முடியும். என் விரல்கள் அதற்கே பழகியவை. என்னைக் கேட்காமலே மடியில் அசைந்துகொண்டிருந்தன. பிறப்பில் தடங்கல் என்றால் தலையிடு என்பதுதான் என் வேலை. ஆனால் ஓட்டின் உட்புறத் தோலில் இன்னும் இரத்த நாளங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கடைசிச் சொட்டு இரத்தத்தையும், மீதமிருக்கும் மஞ்சள் கருவையும் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. நாம் அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வெளியே போகும். வெளியிலிருந்து பார்த்தால் களைத்துப் படுத்திருப்பது போலத்தான் தெரியும். உள்ளே வேலை நடக்கிறது.

"இழுத்தது எல்லாம் இழுக்க வேண்டியத, தம்பி. இது இழுக்கக்கூடாதது."

"செத்துப் போனா?"

"போனா போகட்டும். நான் கொன்னதா இருக்கக்கூடாது."

கறுப்புக் கோழி எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. அதுவும் உதவவில்லை. ஓட்டைக் கொத்திக் கொடுக்கவில்லை, உருட்டவில்லை. தொண்டைக்குள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உலகத்தில் மிகச் சிரமமான வேலையைத் தன் வயிற்றுக்கு அடியில் ஒருவன் தனியாகச் செய்துகொண்டிருக்க, சூட்டையும் குரலையும் தவிர வேறு எதையும் கொடுக்காமல் இருக்கும் பொறுமை அதற்கு இருந்தது. அந்தப் பொறுமை என் பிரிவில் ஒருவருக்கும் இருந்ததில்லை. எனக்கும்தான்.

மத்தியானம் தாண்டி, ஓடு அசைந்தது. குஞ்சு உள்ளே சுழல ஆரம்பித்தது. அலகின் நுனியில் இருக்கும் சின்னப் பல்லால், ஒரு கொத்து, கொஞ்சம் திரும்புதல், இன்னொரு கொத்து என்று, ஓட்டின் அகன்ற முனையைச் சுற்றி வட்டமாக வெட்டிக்கொண்டு வந்தது. டப்பா மூடியைத் திறப்பதுபோல. இதற்கு முன் அது எதையும் செய்ததில்லை. இதைச் செய்து முடித்த பிறகு இனி ஒருபோதும் செய்யப்போவதும் இல்லை. வட்டம் முடியும் தறுவாயில் கால்களை உதைத்தது. மூடி விலகியது. நனைந்த, கோரமான, உயிருள்ள ஏதோ ஒன்று புல்லில் சரிந்து கிடந்தது.

கழுத்தைப் பார்க்க நான் குனிந்தேன். 

தம்பி காத்திருக்கவில்லை. அடைப் பெட்டிக்குள் கையை விட்டான். கோழி கொத்தியது. தோல் கிழிந்து இரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை. ஒரு விரலால் அந்த ஈரக் குஞ்சின் தலையைத் தொட்டான். அங்கே ஈர மயிர். விரலைக் கீழே இறக்கினான். கழுத்தில் விரல் நின்றது. மறுபடி மேலே, மறுபடி கீழே.

"அக்கா," என்றான். "வழவழன்னு இருக்கு."

"ஆமாடா."

"முடி இல்லக்கா."

"ஆமாடா, எனக்குத் தெரியுது."

அவன் விரல் அங்கேயே இருந்தது. மூன்றரை வாரத்துக்கு முன் நாங்கள் சாப்பிட்டு முடித்த சேவலின் கழுத்து அது. அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்திக்குள் இன்னொன்றும் பொரித்தது. அதுவும் மொட்டைக் கழுத்து. நான்காவது பொரிக்கவில்லை. மூன்று குஞ்சுகள். சேவலா பெட்டையா என்று தெரிய இன்னும் எத்தனையோ வாரம் ஆகும். எதுவாக இருந்தாலும் கழுத்து அடுத்த தலைமுறைக்குப் போகும், அது போதும்.

இரண்டு நாள் கழித்துக் கோழியை வெளியே விட்டோம். அது குஞ்சுகளைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலைக் கடந்தது. வாழையைக் கடந்தது. நேராக லொங்காங் ஓரம் போய், நான் போட்டுவிட்டு எடுக்காத பலகையில் ஏறியது. தன் வீடு எது என்று அதற்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. நான்தான் தவறாகச் சொல்லியிருந்தேன். மூன்று குஞ்சுகளும் பின்னால் ஓடின.

"ஏய், ஏய்!" என்று தம்பி பின்னால் போனான். பலகைக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். குஞ்சுகள் அந்தக் கரைக்குப் போய்விட்டன. இவனும் போனான்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மச்சான்," என்றார் அவர், குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு ஒன்னுது. தெரியுது. அந்த மூணாவது?"

"அது ஒன் செவப்புச் சேவலுது," என்றான் தம்பி. "வேலி தாண்டி வந்திருக்கு. ஒன் புத்திதானே ஒன் சேவலுக்கும்."

"அப்ப அது எனக்குப் பேரன் மொறை வேணும்."

"வச்சுக்க. ஆனா மொதல்ல ஒன் சேவலப் புடிச்சுக் கட்டுலா. குஞ்சக் கொத்திப்புடும்."

"எதால கட்டட்டும்? மஞ்சத் துணி வேணாம்ல?"

தம்பி அவரைப் பார்த்தான். நான் இந்தக் கரையில் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன். பிறகு அவன் தோள் குலுங்கியது. சிரிப்புதான் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தார்.

முற்றத்து மண்ணில் கறுப்புக் கோழி இறக்கைகளைத் தளர்த்தி உட்கார்ந்தது. மூன்று குஞ்சுகளும் அதற்குள் புகுந்து மறைந்தன. கொஞ்ச நேரத்தில், கரிய இறகுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிவந்த மொட்டைக் கழுத்து நீண்டது. எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்தது. பிறகு, வெளியே பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்பதுபோல, உள்ளே போய்விட்டது.